டயரின் உள்பக்கம் வைத்த குங்குமம்

பாப்பா,

இதை நீ படிக்கிற வயசில் உன்னை யாரும் பாப்பா என்று கூப்பிடமாட்டார்கள். நான் மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன், அதற்கு நீ முகத்தைச் சுளிப்பாய். இப்போது நீ என் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய். நாளைக்கு எல்.கே.ஜி. முதல் நாள். யூனிஃபார்மை நாற்காலியில் நான் மடித்து வைத்தேன், அது சரியில்லை என்று கலைத்து நீயே சுருட்டி வைத்திருக்கிறாய். காலையில் மறுபடி இஸ்திரி போடவேண்டும். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ லைசென்ஸ் எடுக்கிற அன்றைக்குத்தான் உன்னிடம் கொடுக்கப்போகிறேன். நீ வண்டி ஓட்டுவாய். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நேற்று அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்த உன் கையைப் பார்த்தேனே. அந்த நேற்றைப் பற்றியும், அதற்கு மறுநாளான இன்றைப் பற்றியும்தான் சொல்லவேண்டும்.

உன் அம்மா ஒரு பயந்தாங்கொள்ளி என்று இதைப் படிக்கும்போது உனக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். கேஸை மூடிவிட்டு வந்து படுத்து, திரும்ப எழுந்து போய் மூடியிருக்கிறேனா என்று பார்ப்பவள் நான். நீ பிறந்த புதிதில் சத்தமில்லாமல் தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். சத்தத்தோடு தூங்கினால் சளி கட்டிவிட்டதோ என்று காதை நெஞ்சில் வைத்துக் கேட்பேன். பி.எஸ்சி. கணக்கு படித்தவள், காரணம் இல்லாமல் எதையும் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உள்ளே, காரணம் கிடைத்த பிறகும் பயம் இறங்காது. "உங்கம்மா பஸ் ஏறினா, டிரைவர் கண்ணுல தூக்கம் இருக்குதான்னு பாத்துட்டுத்தான் டிக்கெட் வாங்குவா" என்று அப்பா உன்னிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். நான் பார்ப்பது உண்மைதான்.

அப்பாவின் வேன் உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. வெள்ளை நிறம், பின்கதவில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துத்தான் நீ நடக்கப் பழகினாய். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுப்பகலில் பட்டுக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி லோடு, சாயங்காலம் மறுபடி பிள்ளைகள். நம் வீட்டுச் சாப்பாடு அந்த வேனில் இருந்துதான். அதன் ஸ்டியரிங்கில் சில மாதமாக ஆட்டம். திருப்பினால் கொஞ்ச நேரம் சும்மா சுற்றி அப்புறம்தான் சக்கரம் கேட்கும். எஞ்சினுக்கு அடியில், முன்சக்கரம் இரண்டுக்கும் நடுவே ஒரு நீளமான இரும்பு படுத்திருக்கும். ராக் என்பார்கள். நீ ஸ்டியரிங்கைத் திருப்பினால் அது இடமும் வலமும் நகர்ந்து சக்கரத்தைத் தள்ளும். அதன் பல் தேய்ந்துவிட்டது. நம்முடையது பழைய மாடல், புதுசு கேட்டால் எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. பிள்ளைகளின் அம்மாக்கள் போனுக்கு மேல் போன். அதனால் அப்பா காயலாங்கடைக்குப் போனார். உன் யூனிஃபார்மை வாங்கிக்கொண்டு வருகிற வழி என்பதால் நாம் இரண்டு பேரும் கூடவே இருந்தோம்.

கடை முழுக்க அறுத்துப் போட்ட வண்டிகள். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "இதுக்கு இன்னா ஆச்சு? இதுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாய். எனக்கும் அதே கேள்விதான், வாய்விட்டுக் கேட்கவில்லை. கடைக்காரர் ஒரு ராக்கைத் தூக்கி வந்து போட்டார். இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை. "அப்பா, கம்பளிப்பூச்சி!" என்று கத்தினாய். அதன் மேல் பளபளவென்று புதுக் கறுப்புப் பெயின்ட். பார்ட் நம்பர் எங்கே அடித்திருக்கும் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் தடவிப் பார்த்தார், பெயின்ட்டுக்கு அடியில் ஏதோ மேடு இருந்தது, எழுத்துத் தெரியவில்லை. "நம்பர வெச்சிக்கினு இன்னாமா ஜோசியமா பாக்கப்போற? அதே கம்பெனி, அதே வண்டி. நானே அறுத்தது" என்றார் கடைக்காரர். அப்பா நம்முடைய பழைய ராக்கைப் பக்கத்தில் படுக்கவைத்தார். அதை மெக்கானிக் சேகர் அன்று காலையிலேயே கழற்றிக் கொடுத்திருந்தான். நீளம் ஒன்றுதான். சேசிஸில் மாட்டுகிற ஓட்டைகள் நேருக்கு நேர் வந்தன. ஸ்டியரிங் தண்டில் சேர்கிற பல்லை எண்ணினார், சரி. முனையில் மரை ஓட்டிப் பார்த்தார், சுற்றிக்கொண்டு உள்ளே போனது.

அப்பா என்னைப் பார்த்து, "பாவு பிணைக்கிற மாதிரிதான்மா. பழைய இழையோட புது இழை ஒண்ணுக்கு ஒண்ணு சேந்துச்சுன்னா முடிஞ்சுது. அப்புறம் தறி ஓடும்" என்றார். உன் பெரியப்பா வீட்டில் தறி இருக்கிறது. சேலை முடிந்து புதுப் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற இழைகள், ஏற்றும்போது, அச்சில் மிச்சமிருக்கிற பழைய இழையோடு புதுசை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள். படிக்கிற காலத்தில் லீவு நாளில் அப்பாவுக்கு அதுதான் வேலை. அந்தக் கை இன்னும் அவரிடம் இருக்கிறது. எதைப் பார்த்தாலும் இழைக்கு இழை சேருகிறதா என்றுதான் பார்ப்பார், சேர்ந்துவிட்டால் நிம்மதியாகிவிடுவார். எனக்கும் அன்றைக்கு அது சரியென்றுதான் பட்டது. பழையதைக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். அதைக் கொடுக்கவேண்டாம், வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்ல ஒரு காரணம் இல்லை, விட்டுவிட்டேன். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லாமல் போனது அப்படித்தான். நீ என்றைக்காவது பழைய சாமான் வாங்கி மாட்டினால், புதுசாக வந்தது ஓடி நிலைக்கிறவரை கழற்றியதைத் தூக்கிக் கொடுத்துவிடாதே.

வெள்ளிக்கிழமை சேகர் மாட்டினான். ஆட்டம் போயே போய்விட்டது. "வெண்ணெய்ல கத்தி எறங்குற மாதிரி இருக்குதுண்ணா" என்று அவனே ஓட்டிவிட்டு வந்து சொன்னான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை, அதாவது நேற்று, நம்மை ஏற்றிக்கொண்டு திருமுக்கூடலுக்குப் போனார். மூன்று ஆறும் சேருகிற இடம் என்று பெயர்தான், தண்ணீர் ஓரமாக ஒரு கோடு போல ஓடியது, மற்றதெல்லாம் மணல். பெருமாளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, ஆள் இல்லாத வெட்டவெளியில் வேனைக் கொண்டுபோய் உன்னை மடியில் வைத்துக்கொண்டார். உன் கை மேல் அவர் கை. ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து, வட்டம், வட்டமாக. நீ சிரித்த சிரிப்பு கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். "இன்னொருவாட்டிப்பா! இன்னொருவாட்டி!" நான் கீழே நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். நானே கை தட்டினேன். நானே "இன்னும் வேகமா" என்றேன். வாழ்க்கையில் நான் பயப்படாமல் இருந்த நேரங்களில் அது ஒன்று, பாப்பா. திரும்பும்போது வாலாஜாபாத் பக்கம் நமக்கு முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. அப்பா பிரேக்கை மிதித்தார். வேன் நின்றது. உன் தலை என் கையில் இடித்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் மறந்துவிட்டோம்.

நேற்றுச் சாயங்காலம் அந்தப் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஆரம்பித்தது. படத்தில் முன்சக்கரம் ஒரு பக்கம் ரொம்பவே உள்ளே போவது போலத் தெரிந்தது. பழைய ராக்கில் இவ்வளவு ஒடிந்ததா? ஞாபகம் இல்லை. அது எப்படி ஞாபகம் இருக்கும், நம் தெருவில் யாரும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிப்பதே கிடையாது. பிள்ளையார்பாளையத்துத் தெரு உனக்குத் தெரியும். வேன் நேராக உள்ளே வரும், நேராகப் பின்னாலேயே வெளியே போகும். விடியற்காலையில் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். ஒரு சக்கரம் அதில் பட்டால் ஒரு குடும்பத்தின் சேலை போச்சு. அதனால் இங்கே வண்டி ஓட்டுகிறவர்கள் கையை அளந்துதான் திருப்புவார்கள், அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். அப்பாவும் அப்படித்தான், சேகரும் அப்படித்தான். மாட்டி முடித்து அவன் ஓட்டிப் பார்த்ததும் நேர் ரோட்டில்தான். ஆனால் உன் பள்ளிக்கூட வாசலில் அப்படி முடியாது. அங்கே குறுக்குச் சுவர், கடைசிவரை ஒடித்தால்தான் வேன் திரும்பும். தினம் இரண்டு வேளை. வேன் நிறையப் பிள்ளைகள். இன்றைக்குக் காலை எழுந்ததும் அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"காலைலயே ஆரம்பிச்சிட்டியா" என்றார். கோபமில்லை, அலுப்பு. "எல்லாம் சேந்திருக்குதும்மா. நீயும்தானே பாத்த."

"சேந்துச்சுங்க. பிணைச்சு முடிச்சா ஆச்சா? முத ஒரு முழம் நெய்யறப்போ உங்கண்ணன் குனிஞ்சு ரெண்டு கரையும் பாக்கறாரே, எதுக்கு?"

அவர் ஆணியில் இருந்து வேன் சாவியை எடுத்தார். "சரி, பூஜ போட்டுட்டு ஸ்கூல் வாசல் வரைக்கும் போய்ட்டு வரலாம். நீ பாத்துக்க. அப்பறம் என்ன விட்டுடு" என்றார்.

தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் வேனுக்குப் பூஜை என்று ஐயரிடம் சொல்லி வைத்திருந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் போகவேண்டும். ஆனால் எதிர்வீட்டுத் தனம் அக்கா பாவு போட்டிருந்தார்கள், நம் வாசலில் இருந்து தெரு முழுக்க. அரக்கு நிறம், வெயிலில் மின்னியது. அப்பா வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். "அக்கா, கொஞ்சம் சீக்கிரம் சுருட்டுக்கா, நல்ல நேரம் போவுது." தனம் அக்கா இழையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னாபா, நல்ல நேரம் உனக்கு மட்டும்தான் போட்டிருக்குதா காலண்டர்ல? என் பாவுக்கு இல்லியா? ஈரம் காயட்டும், போவலாம்." நீ பாவுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய், திரும்ப இந்தப் பக்கம் வந்து, தனம் அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாய்.

நான் சும்மா நிற்கமுடியாமல் சந்தனமும் குங்குமமும் குழைத்து எடுத்துக்கொண்டு வேனுக்குப் பொட்டு வைக்க ஆரம்பித்தேன். முன்னால் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். ஹெட்லைட்டுக்கு வைத்தேன். டயருக்கு வெளிப்பக்கம் வைத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம், எல்லோரும் அத்தோடு நிறுத்துவார்கள். எனக்குக் கை நிற்கவில்லை. எந்த இடத்தில் ஆபத்து இருக்கிறதோ அந்த இடத்தைச் சாமி பார்க்கவேண்டாமா என்று ஒரு எண்ணம். தெருவிலேயே மண்டிபோட்டு உட்கார்ந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, டயரின் உள்விளிம்பு முழுக்க, கை எட்டுகிற வரை, ஒரு பொட்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு. அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் அதே மாதிரி. அப்பா வந்து தலையில் அடித்துக்கொண்டார். "உள்ள யாரு பாக்கப்போறாங்கன்னு வெக்கிற?" நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வண்டிக்கு நெத்தி உள்ளயாம்மா இருக்குது?" என்று கேட்டாய். தனம் அக்கா சிரித்துச் சிரித்து இழையை விட்டுவிட்டார்கள்.

பாவு சுருட்டினார்கள். பூஜை ஆயிற்று. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கினோம். பள்ளிக்கூடத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லை. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கேட்டருகே இறங்கி நின்றேன். அப்பா வேனை இடது பக்கம் கடைசிவரை ஒடித்து ஒரு சுற்று சுற்றினார். பிறகு வலது பக்கம், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஒரு சத்தமும் இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கேட்டுச்சா எதனா? போதுமா தாயே?" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வெட்கமாக இருந்தது. போதும் என்று சொல்லி ஏறியிருக்கவேண்டியதுதான். ஏறப் போனவள், பொட்டெல்லாம் அழிந்துவிட்டதா என்று பார்க்கத்தான் குனிந்தேன். அதற்கு மேல் எந்த அறிவும் எனக்கு அப்போது இல்லை.

இடப்பக்க முன்சக்கரத்துக்கு உள்ளே ஒரு ரப்பர் குழாய் வளைந்து போகும். பிரேக் ஆயில் அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. அதன் மேல் நான் குங்குமம் வைக்கவே இல்லை. என் கை அதுவரை எட்டவும் எட்டாது. அந்தக் கறுப்புக் குழாயின் மேல், ஒரு பக்கமாக, நீளமாக, சிவப்பாக ஒரு தீற்றல் இருந்தது.

நான் கூப்பிட்ட குரல் எப்படி இருந்ததோ தெரியாது, அப்பா கதவைக்கூடச் சாத்தாமல் வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு ரோட்டில் மல்லாந்து படுத்து உள்ளே போய், கட்டைவிரலால் அந்தச் சிவப்பைத் துடைத்தார். துடைத்த இடத்தில் நகத்தை வைத்து இழுத்தார். வெளியே வந்து என் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் என் நகத்தையும் அந்த இடத்தில் வைத்தார். பள்ளம் விழுந்திருந்தது. ரப்பர் தேய்ந்து உள்ளே நூல் பின்னல் விரலில் நெருடியது. டயர் உரசித்தான் குங்குமம் அதில் ஒட்டியிருக்கிறது, ஆனால் இன்றைக்குச் சுற்றிய சுற்றில் அவ்வளவு தேயாது. நேற்றுத் தேய்ந்தது அது. திருமுக்கூடலில், மணல் சத்தத்தில், நீ சிரிக்கச் சிரிக்க, நான் கை தட்டத் தட்ட ஒவ்வொரு வட்டத்துக்கும் டயர் அந்தக் குழாயை அரம் போல அராவிக்கொண்டிருந்திருக்கிறது. அது அறுந்தால் ஆயில் வெளியே போகும், பிரேக் மிதி காலுக்கு அடியில் சும்மா இறங்கும். அந்தக் குழாயோடுதான் வாலாஜாபாத்தில் லாரிக்குப் பின்னால் நின்றோம். அப்பா எழுந்து சட்டையைத் தட்டிக்கொள்ளவும் இல்லை. உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்தபடி நின்றார். "மூச்சு முட்டுதுப்பா, விடுப்பா" என்று நீ நெளிந்தாய்.

வேனை மெதுவாக, நேராக, சேகரின் ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். அவன் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டியரிங்கை ஒரு கடைசியில் இருந்து மறு கடைசிக்குத் திருப்பிப் பார்த்தான். முகம் மாறியது. "இது நம்ம வண்டிதுதாண்ணா, ஆனா நீள பாடி மாடல்ல வந்ததா இருக்கும். வெளிய எல்லாம் ஒண்ணுதான், மாட்டினா கப்புனு உக்காரும். உள்ள ஓட்டம் ஜாஸ்தி. அது பெரிய வண்டி, திரும்பணும்னா சக்கரம் இன்னும் ஒடியணும் இல்ல? நம்மளுதுல அந்த எடம் கெடையாது." பிறகு என்னைப் பார்த்து, "அண்ணி, மாட்டினவன் நானு. ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாத்திருக்கணும். மனசுல வெச்சுக்காதீங்க" என்றான். நான் என்ன வைத்துக்கொள்வது, என் மனசில் வேறு எதற்கும் இடமில்லை.

அடுத்து அவன் சொன்னதுதான் எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது. ஏனென்றால் அது நியாயமாக இருந்தது. "ஹோஸ் புதுசு மாத்திடறேன், இங்கயே கெடைக்கும். கம்பி போட்டு அந்தாண்ட இழுத்துக் கட்டிடறேன். நாளைக்கு ஓட்டுங்க. ஸ்கூல் வாசல்ல மட்டும் ஒடிக்காம முன்ன பின்ன எடுத்துத் திருப்பிக்கங்க. வேற ராக்கு கெடைக்கிற வரைக்கும்தானே?" அப்பா ஒரு நல்ல டிரைவர், பாப்பா. முன்னும் பின்னும் எடுத்துத் திருப்ப அவருக்குத் தெரியும். நாளைக்கு வேன் வராவிட்டால் பிள்ளைகளின் வீட்டுக்காரர்கள் வேறு வேன் பார்த்துவிடுவார்கள், வருஷ ஆரம்பத்தில் போனவர்கள் திரும்ப வரமாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும். அப்பா என்னைப் பார்த்தார். "இன்னா சொல்ற?" கல்யாணம் ஆன நாளில் இருந்து வேன் விஷயத்தில் அவர் என்னைக் கேட்டதே இல்லை. நான் பயப்படுவேன், அவர் சிரிப்பார், வண்டி ஓடும், அதுதான் எங்கள் ஏற்பாடு. அவர் கேட்ட அந்த நிமிஷம் என் பயத்துக்குச் சாய்ந்துகொள்ள ஆள் இல்லாமல் போனது. வேண்டாம் என்று சொன்னால் வருமானம் போகிற பழி என் மேல். சரி என்று சொன்னால், நாளைக்கு ஒரு மாடு குறுக்கே வந்து, அவர் யோசிக்காமல் கையை ஒடித்து, அந்தக் கம்பி நழுவினால்? நீ முன்சீட்டில் உட்காருவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய்.

"வேணாங்க" என்றேன். அப்பா காலடியில் கிடந்த ஸ்பானரை எடுத்து அவனிடம் நீட்டினார். "கழட்டுடா சேகரு" என்றார்.

சாயங்காலம் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம், ஊருக்குப் போகிறோம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். "ஸ்டியரிங் மாத்தினோங்க, சரியா சேரல, சரி பண்ணாம ஏத்த மாட்டேன்" என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் பேசாமல் வைத்துவிட்டார்கள். ஒரு பையனின் அம்மா, ஸ்பீக்கரில் கேட்டேன், "அப்போ இத்தன நாளா எந்த ஸ்டியரிங்க வெச்சிக்கினு எம்புள்ளய ஏத்துக்கினு போனீங்க?" என்று கேட்டாள். எனக்கு அந்தப் பெண் மேல் கோபமே வரவில்லை. அவள் குரல் என் குரல் மாதிரியே இருந்தது. அவளும் கேஸை இரண்டு தடவை மூடுகிறவளாக இருக்கும்.

நீ அழுதாய். அப்பாவின் வேனில்தான் போவேன் என்று தரையில் புரண்டாய். நாளைக்கு நாம் டவுன் பஸ்ஸில் போகிறோம். உன்னை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம் போல டிரைவரின் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்குவேன். வேன் எப்போது ஓடும், எத்தனை பிள்ளைகள் மிச்சமிருப்பார்கள், இன்று இரவு எனக்குத் தெரியாது. நீ இதைப் படிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும். பயப்படாதே என்று உனக்கு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஒரு நல்ல அம்மா அதைத்தான் எழுதுவாள். எழுத வரவில்லை. என் பயம் பெரும்பாலும் வீண்தான், கேஸ் எப்போதும் மூடித்தான் இருந்திருக்கிறது. இன்றைக்கும் அது எனக்கு எதையும் கண்டுபிடித்துக் கொடுத்துவிடவில்லை, என்னைக் குனியவைத்தது, அவ்வளவுதான். பயம் வந்தால் வீட்டுக்குள் உட்கார்ந்துகொள் என்று சொல்லமாட்டேன். பயம் வந்தால் இறங்கிப் போய்ப் பார். பார்த்த பிறகும் பயம் போகாமல் இருக்கலாம், எனக்குப் போகவில்லை. இப்போதுகூட உன் மூச்சைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ ஒரு நாள் உன் சொந்த வண்டிக்கு ஏதோ ஒரு சாமானை மாட்டுவாய். எல்லாம் கச்சிதமாகச் சேர்ந்துவிட்டது என்று யாராவது சொல்வார்கள். ஒருவேளை உன் அப்பாவே சொல்வார். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கடைசிவரை திருப்பு, அந்தப் பக்கம் கடைசிவரை திருப்பு. சத்தம் வரவில்லை என்று ஏறிவிடாதே. இறங்கு. நல்ல துணி கட்டியிருந்தாலும் பரவாயில்லை, தெருவே பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை, மண்டிபோட்டு உள்ளே பார். இருட்டாக இருந்து ஒன்றும் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடு. குங்குமத்தைக் குழைத்துக்கொண்டு வருகிறேன்.

அம்மா